பூக்காத கொடியின் பெயர்கள்

மணி பிளாண்ட் என்று நாம் அழைக்கும் கொடிக்குத் தமிழில் சொந்தமாக ஒரு பெயர் வாய்க்கவில்லை. பணம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் நம் காதில் விழுந்து, கோவில் மணியோடும் மணிகளோடும் மயங்கி, அப்படியே நிலைத்துவிட்டது. தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில், சன்னல் விளிம்பில், குளியலறை அலமாரியில், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இரண்டு கணு நீருக்குள்ளும் பத்து இலை வெளியிலுமாக அது எல்லா வீடுகளிலும் இருக்கிறது. கேட்டு வாங்கி வைத்தால் பயனில்லை, பிறர் வீட்டிலிருந்து தெரியாமல் கிள்ளிக்கொண்டு வந்து வைத்தால்தான் காசு சேரும் என்பது இக்கொடியைப் பற்றிய நம்பிக்கை. இந்த நம்பிக்கையைச் சிரித்து ஒதுக்கிவிடலாம். ஆனால் தன்னையறியாமல் அது ஒரு தாவரவியல் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இந்தக் கொடி விதையால் பரவியது அன்று. கடந்த 140 ஆண்டுகளுக்கு மேலாக மனிதக் கைகள் கிள்ளிக் கிள்ளித்தான் இதை உலகெங்கும் கொண்டு சேர்த்திருக்கின்றன.

காரணம் எளியது. இது பூப்பதில்லை.

பூக்காத செடிக்கு விதை இல்லை என்பது யாருக்கும் விளங்கும். பூக்காத செடிக்கு நிலையான பெயரும் அமையாது என்பது அவ்வளவாக அறியப்படாதது. அந்தக் கதையில் பெல்ஜியத்துக் கண்ணாடி மாளிகையும், இலங்கைக் காட்டுக்கொடியும், நம் நாட்டு மருந்துக்கடைச் சரக்கு ஒன்றும், கடைசியில் ஒரு மலைநகரத்துக் காடும் வருகின்றன.

*

1880ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் கெண்ட் நகரிலிருந்து வெளிவந்துகொண்டிருந்த ‘இலுஸ்த்ராசியோன் ஒர்த்திகோல்’ என்ற பிரெஞ்சு மொழித் தோட்டக்கலை இதழில் இக்கொடி முதன்முதலாக விவரிக்கப்பட்டது. விவரித்தவர்கள் இருவர். ஒருவர் ழான் லிண்டென் (1817–1898). இளமையில் பிரேசில், மெக்சிகோ, கொலம்பியா, வெனிசுவேலா என்று காடுகளில் அலைந்து செடிகள் சேகரித்து, பின்னர் பெல்ஜியத்தில் மிகப் பெரிய நாற்றுப்பண்ணை நடத்திய வணிகர். மற்றவர் எதுவார் ஆந்திரே (1840–1911), பிரெஞ்சுத் தோட்டக்கலைஞர். இங்கிலாந்தின் லிவர்பூலில் உள்ள செஃப்டன் பூங்காவை வடிவமைத்தவர்களில் ஒருவர் என்ற முறையில் அவர் பெயர் இன்றும் நினைக்கப்படுகிறது. இருவரும் சேர்ந்து இட்ட பெயர் ‘போத்தோஸ் ஆரியஸ்’. ஆரியஸ் என்றால் இலத்தீனில் பொன்னிறமானது. பச்சை இலையில் மஞ்சளைத் தெளித்தாற்போன்ற திட்டுகளைக் கண்டு அவ்வாறு அழைத்தனர்.

அந்தக் காலத்து ஐரோப்பியத் தோட்டக்கலை இதழ்கள் விசித்திரமானவை. பாதி அறிவியல், பாதி விற்பனைப் பட்டியல். வண்ணக் கல்லச்சில் அச்சிட்ட அழகான படம், இலத்தீன் பெயர், செடியின் வரலாறு எல்லாம் இருக்கும். கூடவே, அந்தச் செடி இதழை நடத்துபவரின் பண்ணையிலேயே விலைக்கும் கிடைக்கும். புதுச்செடிக்குப் பெயர் வைப்பது அறிவுச்செயல் மட்டுமன்று, வணிக அவசரமும்கூட. போட்டிப் பண்ணைக்காரர் முந்திக்கொள்ளும் முன் பெயரிட்டாக வேண்டும். பூக்கும்வரை காத்திருக்க யாருக்குப் பொழுது?

அத்துடன் வாங்குபவர்கள் கேட்டதும் பூவை அன்று, இலையை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பிய நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறைகளில் இலையழகுச் செடிகளுக்கு ஒரு பெரும் மோகம் எழுந்தது. நம் ஊர்த் தோட்டங்களில் இன்றும் காணும் குரோட்டன்ஸும், வண்ணச் சேம்பு இனங்களும், இலைக்காக வளர்க்கும் பிகோனியாக்களும் அந்த மோகத்தில் ஊர் சுற்றியவையே. செடிகளைக் கடல் கடத்தும் வழியும் அப்போது திறந்திருந்தது. லண்டன் மருத்துவர் நத்தானியல் பாக்‌ஷா வார்டு 1829இல் ஒரு மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை வைத்து அது வெளிவரக் காத்திருந்தார். குடுவையின் ஈரமண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் தாமாக முளைத்து, யாரும் நீர் ஊற்றாமலே தழைப்பதைக் கண்டார். அதிலிருந்து பிறந்தது வார்டு பெட்டி எனப்படும் மூடிய கண்ணாடிப் பெட்டி. உப்புக்காற்றும் நன்னீர்ப் பஞ்சமும் செடிகளைக் கொன்ற கப்பல் பயணத்தில் அவை பிழைத்துக் கரைசேர அதுவே வழி செய்தது. சீனத்துத் தேயிலை இந்தியாவுக்கு வந்ததும், 1860களில் தென்னமெரிக்கச் சின்கோனா நீலகிரிக்கு வந்ததும் இத்தகைய பெட்டிகளின் துணையோடுதான்.

கரைசேர்ந்த செடி வீட்டுக்குள் பிழைப்பது வேறு சோதனை. அக்கால வீடுகளில் நிலக்கரி வாயு விளக்குகள் எரிந்தன. விளக்கு வாயு கசியும் இடங்களில் செடிகள் இலையுதிர்த்தன, தண்டுகள் திருகிக்கொண்டன. அதற்குக் காரணம் வாயுவில் கலந்திருந்த எத்திலீன் என்பதை ரஷ்யாவின் திமித்ரி நெல்யுபோவ் 1901இல் பட்டாணி நாற்றுகளைக் கொண்டு கண்டறிந்தார். (பழத்தைப் பழுக்கவைக்கும் அதே எத்திலீன்தான். வாழைத்தார்க் கிடங்கில் செடித்தொட்டியை வைக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.) ஆக, இருட்டையும் புகையையும் வறண்ட காற்றையும் தாங்கும் செடிகளே வீட்டுச்செடிகளாக நிலைத்தன. நம் கொடி அந்தத் தேர்வில் எளிதாகத் தேறியது. எவ்வளவு எளிதாக என்றால், எப்படியும் சாக மறுக்கிறது என்பதற்காக ஆங்கிலத்தில் அதற்குச் ‘சாத்தானின் ஐவி’ என்றொரு பெயர் ஏற்பட்டது. ஒரே கொடி ஒரு மொழியில் சாத்தானுக்கும் நம் வீடுகளில் திருமகளுக்கும் உரியதாக இருக்கிறது.

*

லிண்டெனும் ஆந்திரேயும் இட்ட பெயரின் முதற்பாதியான ‘போத்தோஸ்’ எங்கிருந்து வந்தது என்பது நமக்கு அண்மையான செய்தி. கிரேக்க மொழியில் போத்தோஸ் என்றால் ஏக்கம், தொலைவிலுள்ளதன் மேல் எழும் தாபம். வீட்டுச்செடிக்குக் கவித்துவமான பெயர் என்று மகிழ்ந்துகொள்ளலாம். ஆனால் அது வெறும் ஒலி ஒற்றுமை. மூலச்சொல் சிங்களம்.

1670களில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இலங்கையில் பணியாற்றிய பவுல் ஹெர்மான் அங்குள்ள செடிகளைப் பறித்து, உலர்த்தி, ஒட்டி, பக்கத்தில் உள்ளூர்ப் பெயர்களையும் எழுதிவைத்தார். அவர் 1695இல் இறந்தபின் அத்தொகுப்பு கைமாறிக் கைமாறி, 1740களில் ஸ்வீடனில் கார்ல் லின்னேயஸின் மேசைக்கு வந்துசேர்ந்தது. அதை வைத்துக்கொண்டு லின்னேயஸ் 1747இல் ‘ஃப்ளோரா ஸெய்லானிகா’ என்ற இலங்கைத் தாவர நூலை எழுதினார், தான் ஒருபோதும் காணாத தீவைப் பற்றி. இலங்கை, தென்னிந்தியக் காடுகளில் மரங்களைத் தழுவி ஏறும் ஒரு மெல்லிய கொடிக்குச் சிங்களத்தில் வழங்கிய ‘போத்த’ என்ற பெயரையே இலத்தீன் உருவமாக்கி, 1753இல் போத்தோஸ் என்னும் பேரினத்தை அவர் நிறுவினார். அந்தக் கொடியின் இலைக்காம்பு எலுமிச்சை, நாரத்தை இலைகளின் காம்பைப் போலச் சிறகு விரிந்து, ஓர் இலையின் மேல் இன்னோர் இலை பொருந்தினாற்போல் இருக்கும். மலையாளக் கரையின் செடிகளைத் தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிகஸ்’ நூலில் (12 தொகுதிகள், 1678–1693) அதே கொடி ஆனைப்பருவா என்ற பெயரில் இடம்பெற்றிருக்கிறது. ஹெர்மானின் உலர்செடித் தொகுப்பு பின்னாளில் ஜோசப் பேங்க்ஸ் கைக்கு வந்து, இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இவ்வாறு இலங்கைக் கொடியின் பெயர் பசிபிக் தீவுச் செடி ஒன்றுக்குச் சூட்டப்பட்டது. இரண்டுக்கும் உள்ள உறவு தூரத்து உறவு. சேம்பு, சேனை, கருணை எல்லாம் அடங்கிய அதே பெருங்குடும்பம், அதற்கு மேல் நெருக்கமில்லை. (அந்தக் குடும்ப அடையாளத்தை நம் நாக்கு அறியும். சேனை காறுவது ஏன்? கிழங்கில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட்டின் ஊசிப் படிகங்கள் தொண்டையில் தைப்பதால். புளியிட்டு வேகவைப்பது நம் பாட்டிமார் கண்ட மாற்று. மணி பிளாண்டின் இலையிலும் தண்டிலும் அதே ஊசிகள் உண்டு. தவழும் குழந்தையும் பூனையும் உள்ள வீட்டில் கொடியை எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும் என்று சொல்வது அதனால்தான்.)

தாவரவியலின் பெயரிடும் முறைக்கு அடிப்படை பூ. இலை ஏமாற்றும். வெயிலில் ஒரு வடிவம், நிழலில் ஒரு வடிவம், இளமையில் ஒன்று, முதுமையில் ஒன்று. பூவின் உறுப்புகள் அப்படி மாறுவதில்லை. எனவே ஒரு செடியின் சுற்றத்தைக் காண பூவைப் பிரித்துப் பார்ப்பது லின்னேயஸ் காலத்திலிருந்து வரும் வழக்கம். இந்தக் கொடியிலோ பிரித்துப் பார்க்கப் பூவே இல்லை. பெர்லின் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநரும் இந்தக் குடும்பத்தின் மாபெரும் அறிஞருமான அடால்ஃப் எங்லர், இது போத்தோஸ் அன்று என்று கண்டு 1908இல் சிந்தாப்ஸஸ் என்னும் பேரினத்துக்கு மாற்றினார். நம் நாட்டு மருந்துக்கடைகளில் ஆனைத்திப்பிலி என்று விற்கப்படும் காய் சிந்தாப்ஸஸ் பேரினத்துக் கொடி ஒன்றினுடையது. ஆக, அரை நூற்றாண்டுக்கு மேல் நம் மணி பிளாண்ட் ஆனைத்திப்பிலிக்கு உடன்பிறப்பாகப் பதிவேடுகளில் வாழ்ந்தது. எங்லர் போன்ற ஒருவர் பூவைக் காணாமல் இவ்வளவு நெருங்கி வந்ததே வியப்புக்குரியது என்பேன். உண்மையான சுற்றத்துக்கு மிக அருகில், அடுத்த வாசலில் கொண்டு வந்து விட்டுவிட்டார்.

பிறகு 1962இல் அது பூத்தது. பாளை விரித்து, நடுவில் தடித்த தண்டுபோன்ற மஞ்சரியோடு கிடைத்த அந்தப் பூவை வைத்து, அமெரிக்காவின் மன்ரோ பேர்ட்சி என்ற தாவரவியலாளர் கொடியை ராபிடோஃபோரா பேரினத்துக்கு மாற்றினார். அதே பூவின் சூலகத்தை மறுபடி ஆராய்ந்த ஜார்ஜ் பன்டிங் அதற்கும் உடன்படாமல் 1964இல் எபிப்ரெம்னம் பேரினத்துக்கு மாற்றினார். இந்த மூன்று பேரினங்களையும் பிரிப்பது சூல்களின் எண்ணிக்கையும் விதைகளின் வடிவமும்தான். சிந்தாப்ஸஸில் ஒரு சூலகத்துக்கு ஒரு சூல், எபிப்ரெம்னத்தில் சில, ராபிடோஃபோராவில் பல. ஒரு செடியின் அடையாளம் முழுவதும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத சில மணிகளின் கணக்கில் அடங்கியிருந்தது. அதன் பின்னும் சிலர் அதை எபிப்ரெம்னம் பின்னேட்டம் என்ற வேறோர் இனத்தோடு சேர்த்துப் பார்த்தனர், பின்னர் மீண்டும் பிரித்தனர். இன்று ஏற்கப்பட்டுள்ள பெயர் எபிப்ரெம்னம் ஆரியம். தாயகம் சாலமன் தீவுகள் என்று தோட்டக்கலை நூல்கள் வெகுகாலம் எழுதிவந்தன. டஹிட்டிக்கு அருகிலுள்ள மூரேயா என்ற சிறு தீவே அது என்பது இப்போதைய முடிவு.

இத்தனை வழக்கும் தீர்ப்பும் நடந்த பின்னும் உலகச் செடிக்கடைகளில் அது ‘போத்தோஸ்’ என்ற பெயரில்தான் விற்கப்படுகிறது. தாவரவியலார் 1908இலேயே கைவிட்ட பெயர் கடைக்காரர்களிடம் நூறாண்டு கடந்தும் வாழ்கிறது.

*

ஏன் பூப்பதில்லை? விடை 2016இல்தான் கிடைத்தது. அமெரிக்காவின் வட கரோலைனாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தலைமையிலான குழு ஒன்று, இக்கொடியில் ஜிப்பரெலின் என்ற வளர்ச்சி ஊக்கி உருவாகும் பாதையில் ஒரு மரபணு சரிவரச் செயல்படவில்லை என்று காட்டியது. அந்த ஊக்கியை வெளியிலிருந்து தெளித்தபோது கொடி பூத்தது. இயல்பாகப் பூத்ததாக அறியப்பட்ட கடைசிச் செய்தி 1964ஆம் ஆண்டினது என்றும் அக்கட்டுரை குறிப்பிடுகிறது.

ஜிப்பரெலின் கண்டுபிடிப்பும் ஒரு வயல் கதைதான். நெல் நாற்றுகள் சில திடீரென்று வெளிறி, நெட்டையாக வளர்ந்து, மணி பிடிக்காமல் சாய்ந்துவிடும் நோயை ஜப்பானியர் ‘முட்டாள் நாற்று’ நோய் என்றனர். அதற்குக் காரணமான பூஞ்சை ஏதோ ஒரு பொருளைக் கசியவிடுகிறது, அதுதான் நாற்றை நெட்டையாக்குகிறது என்பதை 1926இல் தைவானில் பணியாற்றிய எய்ச்சி குரோசவா காட்டினார். அந்தப் பொருளே ஜிப்பரெலின். நெல்லில் அது மிகுந்தால் நோய். நம் கொடியில் அது குறைந்ததால் பூவில்லாத நீண்ட இளமை.

இளமை என்ற சொல்லை உவமையாகச் சொல்லவில்லை. நாம் வீட்டில் காணும் உள்ளங்கை அகல, இதயவடிவ இலை அக்கொடியின் குழந்தைப் பருவத்து இலை. காட்டில், பற்றிக்கொள்ள மரம் கிடைத்தால், அது 20 மீட்டர் உயரம் வரை ஏறும். ஏற ஏற இலை பெருத்து, ஒரு மீட்டர் நீளம் வரை சென்று, ஓரங்கள் கிழிந்து பிளவுபடும். தொங்கவிட்டால் நேர்மாறு. கொடி தன்னைத் தரையில் ஊர்ந்து மரம் தேடும் நிலையில் இருப்பதாகக் கொள்கிறது போலும். கணுவிடைகள் நீண்டு இலைகள் சிறுத்துக்கொண்டே போகும். ‘என் மணி பிளாண்ட் நீளமாக வளர்கிறது, ஆனால் இலை வரவரச் சிறிதாகிறது’ என்று குறைப்படுவோர்க்கு உரத்தைவிட ஒரு தேங்காய்நார்க் கம்பமே நல்ல மருந்து. காற்றுவேர்கள் ஈரநாரைப் பற்றியதும் அடுத்தடுத்த இலைகளில் மாற்றம் தெரியும். தொங்கும் அழகுதான் வேண்டுமென்றால் இலை சிறுக்கும் என்பதை ஏற்றுக்கொண்டு, அவ்வப்போது நுனியைக் கிள்ளி, கிள்ளியதை அதே தொட்டியில் ஊன்ற வேண்டும். இல்லாவிடில் தொட்டி மொட்டையாகவும் வால் மட்டும் நீளமாகவும் நிற்கும்.

பொன்திட்டுகளின் இரகசியமும் ஒரு குறைபாடே. மஞ்சள் பகுதியில் பச்சையம் உருவாகும் வேதிப்பாதை நடுவழியில் தடைப்படுகிறது. அந்தப் பகுதி உணவு சமைப்பதில் பின்தங்கி, பச்சைப் பகுதியின் உழைப்பில் வாழ்கிறது எனலாம். போதிய வெளிச்சம் இருக்கும்வரை இந்தச் சோம்பேறி உறுப்பினரைக் குடும்பம் தாங்கும். இருட்டு மூலையில் வைத்தால் தாங்காது. அங்கே பச்சை மிகுந்த தளிர்களே வலுப்பெறும், பொன் மங்கும். ‘மார்பிள் குவீன்’ என்ற வெள்ளைத்திட்டு வகை இன்னும் மெதுவாக வளர்வதற்கும் காரணம் அதுவே. ஆகவே திட்டுகள் வேண்டுவோர் கிழக்குச் சன்னலின் அருகே, நேர்வெயில் படாத பளிச்சென்ற ஒளியில் கொடியை வைக்கவேண்டும். மேற்கு வெயில் நேராக விழுந்தால் முதலில் கருகுவது அந்த மஞ்சள்தான். முழுப்பச்சையாக ஒரு தளிர் கிளம்பினால், கடைசியாகத் திட்டு தெரிந்த கணுவரை பின்னோக்கி வெட்டிவிடுவது பழைய தோட்டக்காரர் வழக்கம்.

நீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மண்ணின் மேற்பரப்பு விரலுக்கு உலர்ந்து பட்ட பிறகு ஊற்றினால் போதும். வீடுகளில் இக்கொடி மடிவது பெரும்பாலும் தாகத்தால் அன்று, அன்பின் மிகுதியால் வேர் அழுகித்தான். பாட்டிலில் வளர்ப்போர் வாரம் ஒருமுறை நீர் மாற்றலாம். ஒரு கணுவாவது நீருக்குள் இருக்கவேண்டும், இலை நீருக்குள் இருக்கக்கூடாது. வெறும் இலையைக் காம்போடு நட்டால் வேர் விடக்கூடும், ஆனால் கொடியாகாது. தளிர் பிறக்கும் மொட்டு கணுவில்தான் இருக்கிறது. திருடுபவர்களும் இதை அறிந்து திருடுவது நலம்.

*

கொடியின் நவீனப் புகழுக்கு ஒரு விண்வெளி நிறுவனம் காரணமாயிற்று. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கக் கட்டடங்கள் குளிரூட்டும், வெப்பமூட்டும் செலவைக் குறைக்கக் காற்றுப்புகாமல் கட்டப்பட்டன. பசை, வண்ணம், தரைவிரிப்பு ஆகியவற்றிலிருந்து கசியும் வேதிப்பொருட்கள் உள்ளேயே தங்கி, மக்களுக்குத் தலைவலியும் கண்ணெரிச்சலும் தந்தன. மூடிய விண்கலத்தின் காற்றைப் பற்றிக் கவலைப்பட்ட நாசாவுக்கும் இது ஆர்வமான சிக்கல். அங்கு பணியாற்றிய வுல்வர்டன் என்ற அறிஞர், சிறிய மூடிய பெட்டிகளில் செடிகளை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு, டிரைகுளோரோஎத்திலீன் ஆகியவற்றைச் செலுத்தி, அவை குறைவதை அளந்து 1989இல் அறிக்கை வெளியிட்டார். அந்த ஆய்வில் அமெரிக்க நிலவனப்பு ஒப்பந்தக்காரர்களின் சங்கமும் கூட்டாளி என்பதை நினைவிற்கொள்வது நல்லது. நம் கொடி அதிலும் இடம்பெற்றிருந்தது. எங்லர் வைத்த பழைய பெயரில்தான்!

பெட்டிக்குள் நடந்தது பொய்யன்று. ஆனால் வீடு பெட்டியன்று. சன்னல், கதவு, இடுக்குகள் வழியே காற்று ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும். அந்த இயல்பான காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் ஈடுகட்ட வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை தேவைப்படும் என்று, பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டு, டிரெக்சல் பல்கலைக்கழகத்தின் இருவர் 2019இல் எழுதினர். வரவேற்பறையில் பாய் விரிக்கக்கூட இடம் மிஞ்சாது. ஆனாலும் ‘நாசா சான்றளித்த செடி’ என்ற சொற்றொடர் நாற்றங்கால் பலகைகளிலிருந்து இறங்க மறுக்கிறது. செய்தது ஓர் ஆய்வு, வழங்கியது சான்றிதழ் என்றாக்கியது கடைத்தெரு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் 2018இல் முயலின் மரபணு ஒன்றை இக்கொடியில் புகுத்தி, பென்சீனையும் குளோரோஃபார்மையும் கூடுதலாகச் சிதைக்கச் செய்தனர். இயல்பான கொடியின் திறன் போதவில்லை என்பதற்கு இதைவிட நேரடியான வாக்குமூலம் இல்லை. விதையோ மகரந்தமோ வெளியே பரவாது என்பதால் இத்தகைய சோதனைக்கு இக்கொடி ஏற்றதாயிற்று. பூக்காமை அங்கே ஒரு தகுதி.

ஆனால் பூக்காதது பரவாது என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பதைக் கண்டி நகரம் காட்டுகிறது. தலதா மாளிகைக்குப் பின்னால், குன்றின் மேல், உடவத்தகெலே என்ற காப்புக்காடு சுமார் 100 ஹெக்டேர் பரப்பில் இருக்கிறது. கண்டி அரசர்கள் காலத்திலிருந்து நகரின் நடுவே எஞ்சி நிற்கும் காடு. அதன் பல ஹெக்டேர் நிலப்பரப்பை இன்று மூடிக் கிடப்பது எபிப்ரெம்னம் ஆரியம், நம் மணி பிளாண்ட். தரை முழுவதும் பொன்திட்டு இலைகள். மரமேறியவை வீட்டுக்காரர் எவரும் தன் கொடியென்று அடையாளம் காணமுடியாத பேரிலைகளோடு நிற்கின்றன. அங்கே அதைத் தின்று கட்டுப்படுத்தும் இயற்கை எதிரிகள் இல்லை. கீழே விழும் மர விதைக்கு ஒளி கிடைப்பதில்லை, முளைத்த கன்று மேலெழ வழியில்லை. ஒரு விதைகூட இடாமல் இவ்வளவும். கணு ஒன்று மண்ணைத் தொட்டால் அதற்குப் போதும்.

ஹெர்மான் செடிகள் பறித்த அதே தீவு அது. அங்கிருந்து ஒரு காட்டுக்கொடியின் பெயர் லெய்டனுக்கும் உப்சாலாவுக்கும் கெண்டுக்கும் போய், யாருக்கோ சூட்டப்பட்டு, அந்த யாரோ இப்போது பெயர் பிறந்த இடத்துக்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

நம் மலையோர ஊர்களில் வாழ்வோருக்கு இது தொலைதூரச் செய்தியன்று. தொட்டி நிறைந்து வழியும்போது வெட்டிய கொடிகளை வேலிக்கு வெளியே, ஓடைக்கரையில், காட்டோரக் குப்பைமேட்டில் எறிவது இயல்பாக நடக்கிறது. ஈரம் பட்டால் அந்தக் குவியலே தளிர்க்கும். வெட்டியதைச் சிமெண்ட் தரையில் பரப்பி, நல்ல வெயிலில் கணுக்கள் சுருங்கி மொறுமொறுவென்று ஒடியும்வரை உலர்த்திய பிறகு எருக்குழியில் இடலாம். மழைக்காலமாக இருந்தால் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயில் படும் இடத்தில் சில வாரம் விட்டுவைத்தால் அழுகிவிடும். கேட்பவர் இருந்தால் கொடுத்துவிடலாம், அல்லது அவர்கள் திருடிக்கொள்ளும்படி பார்க்காததுபோல் இருக்கலாம்.